ஓடிபி போகும் நம்பர்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்களில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் அநேகமாக நான் ஒருவன்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆறு மாநிலத்தில் போர் போட்டிருக்கிறேன். எத்தனை அடி போட்டாலும், கேசிங் பைப் உட்பட மொத்தம் எவ்வளவு என்று பேப்பர் இல்லாமல் சொல்வேன். எதை வாங்கினாலும் ரொக்கம். முதல் வண்டியைப் பழசாக வாங்கியபோதுகூட, மஞ்சப்பையில் கொண்டுபோன பணத்தை மேசைமேல் கொட்டிவிட்டுத்தான் சாவியைத் தொட்டேன்.

போன வருடம் ஒரு செல்போன் வாங்கப் போய்த்தான் அந்த வழக்கம் மாறியது.

என் வீட்டுக்காரி மகளின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியா போயிருந்தாள். ஆறு மாதத்தில் வருகிறேன் என்று போனவள் எட்டு மாதமாகியும் வரவில்லை. என்னிடம் இருந்தது பட்டன் போன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசில் எங்கள் மேனேஜருடைய போனில்தான் வீடியோவில் வருவாள். மேனேஜர் டீசல் பில்லைப் புரட்டுவதுபோல் பக்கத்திலேயே நிற்பார். அவரை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். அப்புறம் பேத்தியைக் காட்டுவாள். பேத்தி அழகுதான். ஆனால் குழந்தையைத் தூக்கிப் பிடித்ததும் இவள் முகம் மறைந்துவிடும்.

வீட்டில் ரசம் நானே வைத்துக்கொண்டேன். நன்றாகவே வைப்பேன். உப்புப் பார் என்று கரண்டியை நீட்டத்தான் ஆள் இல்லை.

ஒரு புதன்கிழமை காலை செல்போன் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பொண்ணு வாயாடி.

"எப்படிக் கட்டறீங்க அய்யா? இஎம்ஐல போட்டுக்கலாங்க. ஆறு மாசம், வட்டியே கெடையாது."

"வட்டியில்லாம எவன் சாமி குடுப்பான்?"

"பைல் சார்ஜ் மட்டும் வருமுங்க."

"அப்ப வட்டிக்குப் பேர மாத்தி வெச்சிருக்கறீங்க."

சிரித்துக்கொண்டே என் பான் கார்டு நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். சிரிப்பு நின்றது. "உங்களுக்கு ஸ்கோரே காட்டலீங்க அய்யா. உங்க பேர்ல எங்கயுமே கடன் இருந்ததில்லையாட்ட இருக்குது."

"இருந்ததில்ல."

"அதனாலதாங்க கடன் குடுக்க மாட்டேங்குது."

"கடனே வாங்காதவன நம்ப மாட்டீங்களா!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

பழைய போனைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள் என்று போர்டு இருந்தது. என்னுடையதை எடுத்து வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத நீங்களே வெச்சுக்குங்க. ஒரு கவர் ப்ரீயாத் தர்றேன்" என்றாள்.

ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்நூறு குறைப்பார்களாம். பணத்தை எடுத்தே விட்டேன். அப்போதுதான் அவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "கார்டும் போடலாங்க, ஆனா ரெண்டு பர்சண்ட் கூட ஆகும். பின் நம்பர் ஞாபகம் இல்லாட்டி லிங்க் அனுப்பறேன். ஓடிபி வரும், அதச் சொன்னாப் போதும்."

"ஓடிபி எங்க வரும்?"

"பேங்க்ல குடுத்த நம்பருக்குங்க."

பேங்கில் நான் கொடுத்திருந்தது என் வீட்டுக்காரியின் நம்பர். இங்கிலீஷ் மெசேஜ் எனக்குப் படிக்க வராது, அவள்தான் படிப்பாள். அந்த நம்பரோடுதான் அவள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். "கார்டுலயே போடு சாமி."

அந்தப் பொண்ணு கார்டு நம்பரைத் தட்டிவிட்டு, தன் போனிலேயே வாட்ஸாப்பில் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். நான் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். அங்கே சாயங்காலம்.

"ஆருங்க?"

"நாந்தான் புள்ள."

"ஏனுங்க! ஒடம்புக்கு என்னங்க?"

"ஒடம்பு கெடக்குது. உன்ற போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படி."

"வந்திருக்குதுங்க. இத ஆருகிட்டயும் சொல்லாதேன்னு போட்டிருக்கறானே?"

"நா ஆரோவா?"

சிரித்தாள். பக்கத்தில் யாரும் நிற்காமல் அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது. பிறகு நம்பரை வாசித்தாள். ஆறு எண். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும்.

"சரியாக் கேக்கல. மறுபடி சொல்லு."

நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதற்குள் கவுன்டரிலிருந்து நேரம் முடிந்துவிட்டது என்று கை காட்டினார்கள். வேறு நம்பர் அனுப்பினார்கள்.

"காது அடச்சுப் போச்சுங்களா? ரிக் சத்தத்துல நின்னு நின்னு..."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

புதிதாக வந்த மெசேஜை முழுக்கப் படித்திருப்பாள் போல. "ரொக்கம் இல்லீங்களா? கார்டுன்னாக் கூட ஆகுமே?"

"ஆகும். ஆகட்டும்."

புது நம்பரை மெதுவாக வாசித்தாள். முடித்துவிட்டு, நான் கேட்காமலேயே முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தாள்.

புதுப் போனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பொண்ணு சொன்னாள்: "பேங்க்ல உங்க நம்பரக் குடுத்து மாத்திக்குங்க அய்யா. ஒவ்வொருக்காவும் அம்மாவக் கூப்புட வேண்டியதில்ல பாருங்க."

"வேண்டாம் சாமி. அது அங்கயே இருக்கட்டும்."

இனி நினைத்த நேரத்தில் அவளை நானே கூப்பிடலாம்தான். ஆனால் சும்மாக் கூப்பிட்டு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. படிக்கச் சொல்ல ஒரு நம்பர் இருந்தால் பேச்சு தானாக வந்துவிடுகிறது. அந்த வாரமே கரண்ட் பில்லையும் கார்டில் கட்டினேன்.