சனி, ஞாயிறு யாருக்கு?

குடும்ப வழக்கில் புருஷனும் தோற்பார், பெண்சாதியும் தோற்பார். தவறாமல் வெல்வது நீதிமன்ற வாசலில் இருக்கும் தேநீர்க்கடை மட்டும்தான். மாத்தளையில் கறுப்புக் கோட்டுக்குள் வெந்து நரைத்தவள் நான். இன்னும் வெந்துகொண்டிருக்கும் சட்டத்தரணிகளுக்காக, உக்குவளைச் செல்வியின் வழக்கிலிருந்து சில துணுக்குகள். தையற்கடையில் வேலை செய்யும் அவளும், சீகிரியாவில் வெள்ளைக்காரர்களை த்ரீவீலில் ஏற்றித் திரியும் அவள் புருஷன் ரவியும் பிரிந்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் தர்ஷினி யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு.

இரவல் புருஷன்

செல்வியின் மனுவை என் கிளாக்கர் பழைய மனு ஒன்றின் மேலேயே தட்டினார். நாம் எல்லோரும் செய்வதுதானே! பெயர் மாறியது, முகவரி மாறியது, புருஷன் மாறவில்லை. கையெழுத்துப் போட வந்தவள், தினமும் குடித்துவிட்டு வந்து சட்டி பானை உடைக்கும் அந்த மனிதனைப் பற்றி மூன்று பக்கம் வாசித்தாள். ரவி சோடாவுக்கு மேல் எதையும் தொட்டதில்லையாம். பேனையைக் கீழே வைத்தாள்.

"மேடம், இவரு யாரோட புருஷன்?"

பொருத்தம்

வெட்கத்தோடு திருத்தி எழுதினேன். பிறகு ரவியின் சட்டத்தரணி போட்ட மறுமொழி வந்தது. அதில் செல்வி பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு நான்கு வருடம் குவைத்தில் இருந்திருக்கிறாள். கடவுச்சீட்டை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. நீதிமன்ற நடையில் அந்தச் சட்டத்தரணித் தம்பியை மறித்து, என் பிழையையும் சொல்லி, அவருடையதையும் காட்டினேன். அவர் அசரவேயில்லை.

"உங்க குடிகாரனையும் என் குவைத்காரியையும் கட்டிவச்சா ஜோடி நல்லாத்தான் இருக்கும், அக்கா."

கண்ணீரின் மொழிபெயர்ப்பு

வழக்கு நடப்பது சிங்களத்தில். மாத்தளையில் சிங்களம் தெரியாத தமிழரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தாலும் மனதில் இருப்பதைத் தமிழிலேயே சொல் என்று செல்விக்குச் சொல்லிவைத்திருந்தேன். சனி, ஞாயிறில் மகளைத் தகப்பனிடம் அனுப்பச் சம்மதமா என்று கேட்டார்கள். மகள் பேசிய முதல் வார்த்தையில் தொடங்கி, அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்காதது வரை சொல்லி விம்மினாள். மொழிபெயர்க்கும் முதலியார் தொண்டையைச் செருமி, "கெமதி நே" என்றார். சம்மதமில்லை, அவ்வளவுதான். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஐயா, நான் அழுததையும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

வாங்கில் இருந்தவள்

அவள் அழுதும், தீர்ப்பு வரும்வரை சனி, ஞாயிறு தகப்பனுக்கே என்று கட்டளை வந்தது. அதை மாற்ற நான் மல்லுக்கட்டினேன். வழக்கைத் தள்ளிப்போடக் கேட்ட ஒரு தவணைக்கு எனக்குக் காய்ச்சல். அடுத்த தவணைக்கு அந்தத் தம்பிக்கு வேறு நீதிமன்றம். அதற்கடுத்து வழக்குக் கோப்பையே காணோம். ஒவ்வொரு முறையும் தர்ஷினி பள்ளிச் சீருடையோடு பின்வரிசை மர வாங்கில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நீதிபதி அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் ஓரமாக நின்றோம். யாரோடு இருக்க விருப்பம் என்று, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். பிள்ளை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கான டியூஷன் அட்டவணை. சனி காலையிலிருந்து பின்னேரம் வரை மாத்தளையில் வகுப்பு, ஞாயிறும் அப்படியே. சீகிரியாவிலிருந்து விடியலில் புறப்பட்டு, த்ரீவீலில் தூங்கி விழுந்துகொண்டே வருகிறாளாம். நாங்கள் அடித்துப் பிடித்துப் பங்குபோட்ட இரண்டு நாட்களும் தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சரி மகள், இப்ப சொல்லுங்க" என்றார் நீதிபதி. தர்ஷினி அச்சு அசலாக எங்களைப் போலவே கைகளை முன்னால் கோர்த்து, தலையைச் சற்றுத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒரு தவணை தாங்க, மேடம். ஸ்கொலர்ஷிப் முடிஞ்சதும் சொல்றேன்."

தவணை உடனே கிடைத்தது, அதுவரை ஏழு நாளும் அவள் தாய் வீட்டிலேயே தூங்கலாம் என்ற கட்டளையும் கிடைத்தது; என் காலத்தில் அந்த நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட தவணைகளில், சொன்ன காரணம் உண்மையாக இருந்தது அது ஒன்றுக்குத்தான்.