காதில் விழாத வரை

லக்ஷ்மிகாந்த்துக்குக் கச்சேரி ராசி கிடையாது என்று நானும் கியாசுதீனும் இருபது வருஷமாகக் கேலி செய்துவந்தோம். மூன்று பேரும் திருச்சியில் ஒரே காலேஜில் கணிதம் படித்தவர்கள். எனக்குத் தொட்டியத்தில் வாழைத்தார் வியாபாரம். கியாசுதீன் தென்னூரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். லக்ஷ்மிகாந்த் ஸ்ரீரங்கத்துக்காரன், படித்த காலேஜிலேயே தேர்வுப் பிரிவில் கிளார்க். ஊரார் பிள்ளைகளின் மார்க்கைக் கூட்டிக் கூட்டியே தலை நரைத்தவன்.

அவனுக்கு ஒரே பைத்தியம், பேஸ் கிடார். பாட்டில் யாரும் கவனிக்காத அந்த அடிச்சத்தத்தைத்தான் அவன் கேட்பான். ஹெட்போனை என் காதில் மாட்டி, "இப்ப வரும் பாரு, கீழ இறங்கறான் பாரு" என்பான். எனக்கு ஒரு மண்ணும் கேட்டதில்லை. ஆனால் மேடையில் வாசித்து அவன் ஒருமுறைகூடக் கேட்டது கிடையாது. டிக்கெட் எடுத்தால் போதும், பங்காளிகளில் யாராவது காலமாகிவிடுவார்கள். பத்து நாள் தீட்டு. பெங்களூரில் ஒரு பெரியப்பா, இன்னொரு தடவை அவன் முகமே பார்த்திராத யாரோ ஒரு அண்ணா. "உங்க வம்சத்துல ஆள் தீர்ந்தப்புறம்தான்டா நீ பாட்டு கேப்ப" என்பான் கியாசுதீன். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

போன தை மாதம் நாங்கள் படித்த காலேஜ் மைதானத்துக்கே சென்னையிலிருந்து ஒரு பேண்ட் வந்தது. மூன்று டிக்கெட் எடுத்தோம். அந்த வாரமே அவன் சித்தப்பா வேதாந்தம் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். சின்ன வயதில் அப்பாவை இழந்த இவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். ஐந்து நாளும் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சிலேயே கிடந்தான். கச்சேரி நாளான சனிக்கிழமை டாக்டர் வந்து, நினைவு திரும்பாது, இரண்டு நாளோ நான்கு நாளோ என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா மகன் பிரஹலாத்தான் இவனைக் கிளப்பினான்.

"இங்க ஒக்காந்துண்டு என்ன பண்ணப் போறேள் அண்ணா? போயிட்டு வாங்கோ. ஏதாவதுன்னா போன் பண்றேன்."

அந்த போன்தான் வினையானது. அவர்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு, விழாதவரை இல்லை. கல்யாண மேடையில் உட்கார்ந்திருப்பவனிடம் தாலி கட்டி முடியும்வரை செய்தியைச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். மற்றவர்கள் மறைப்பது சரி. தன் காதைத் தானே பொத்திக்கொள்ள எந்த சாஸ்திரம் இடம் கொடுத்ததோ, எனக்குத் தெரியாது.

ஏழரைக்கு ஆரம்பித்தார்கள். பேஸ் வாசித்தது ஒரு சின்னப் பெண். முதல் அடியே நெஞ்செலும்பில் வந்து இடித்தது. அன்றைக்குத்தான் எனக்கே அது கேட்டது. லக்ஷ்மிகாந்த் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மருதை, இதான்டா, இதைத்தான்டா சொன்னேன்" என்றான். அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததே இல்லை.

எட்டேகாலுக்கு அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் பிரஹலாத் பெயர். அவன் முகம் செத்துவிட்டது.

"சித்தப்பா போயிட்டார்டா" என்றான்.

"மொதல்ல எடுத்துப் பேசுடா" என்றான் கியாசுதீன்.

"எடுத்தா இப்பவே கிளம்பணும். மூணே மூணு பாட்டு. போனவர் போயிட்டார். மூணு பாட்டுல என்ன ஆயிடப் போறது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான்தான் பாவி. "காதுல விழலைன்னா தீட்டு இல்லைன்னு நீதானடா சொல்லுவ" என்று போனை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இன்னும் மூன்று தடவை அதிர்ந்து அடங்கியது. கியாசுதீன் என்னை ஒரு பார்வை பார்த்தான். லக்ஷ்மிகாந்த் மேடையைப் பார்த்தபடியே அழுதான். பாட்டு அவன் காதில் ஏறியிருக்காது. இரண்டாவது பாட்டு முடியும் முன்பே கையை நீட்டி, "குடுடா" என்றான்.

கேட்டுக்கு வெளியே பானிபூரி வண்டிப் பக்கம் வந்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா... அப்பா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார். அஞ்சு நிமிஷம்தான் ஆறது" என்றான் பிரஹலாத்.

"அஞ்சு நிமிஷமா? அப்போ எட்டேகாலுக்கு எதுக்குடா கூப்பிட்டே?"

"எட்டு மணிக்கு முழிச்சுண்டார் அண்ணா. டாக்டரே அசந்துட்டார். நன்னாப் பேசினார். காந்தன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், போட்டுக் குடுன்னார். நாலு தரம் போட்டேன். அவர் காதுலதான் வெச்சிருந்தேன். ரிங் போயிண்டே இருந்தது."

லக்ஷ்மிகாந்த் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கூப்பிட்டு அவன் எடுக்காம இருந்ததே இல்லையேன்னார். பாட்டுச் சத்தத்துல அண்ணாவுக்குக் கேட்டிருக்காதுப்பான்னு சொன்னேன். சரின்னு கண்ணை மூடிண்டார். கேக்கலைதானே அண்ணா?"

லக்ஷ்மிகாந்த் என் முகத்தையே பார்த்தான்.

"கேக்கலைடா" என்றான். இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் அவன் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. பத்தாம் நாள் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். காரியம் முடிந்து, மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக லக்ஷ்மிகாந்த் கரையேறினான். ஓரமாகக் கூப்பிட்டு, போனை வாங்கிப் பையில் போட்டவன் நான்தான் என்று பிரஹலாத்திடம் சொல்லிவிடுகிறேன், அவன் என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி என்றேன்.

"வேண்டாம் மருதை" என்றான். "கடைசியா அவன் அப்பாகிட்ட சொன்ன வார்த்தை பொய்யாயிடும்."