மிஞ்சும் காற்றுக்கு ஒரு வேலை

யாராவது பேச்சுக் கொடுத்தால் முகைதீன்பாவா உடனே பதில் சொல்ல மாட்டார். தலையைச் சரித்து, கூரைக்கு மேலே சுற்றும் காற்றாடியின் இரைச்சலைக் கேட்டுக்கொள்வார். அது ஒழுங்காக இருந்தால்தான், "ம், சொல்லு மனே" என்பார்.

ஏறாவூர் வாவிக்கரையில் மின்கம்பம் எட்டாத வளவு அவருடையது. பழைய வான் வண்டிச் சில்லின் தட்டில் உடைந்த ஸ்பீக்கர்களின் காந்தங்களை ஒட்டி, கம்பிச் சுருள்களைத் தன் கையாலேயே சுற்றி, பிளாஸ்டிக் குழாயை வகிர்ந்து இதழ் பூட்டிச் செய்த யந்திரம் அது. அதன் மின்சாரம் பற்றரிக்குப் போய், மனைவி உம்மு குல்தூம் முட்டை பொரிக்க வைக்கும் பெட்டியின் பல்புகளைச் சூடாக்குகிறது.

முதல் ஈட்டு முட்டைகள் கச்சான் என்ற மேல்காற்றில் போயின. காற்று ஏற மின்சாரமும் ஏறி, பல்புகள் கொதித்து, முட்டைகள் அவிந்தன. பயந்துபோய் அவர் காற்றாடியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றினார். பாரம் இல்லாத காற்றாடி வெறிபிடித்துச் சுழன்று ஓர் இதழைப் பக்கத்து வளவுக்குள் எறிந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தான் அந்த வளவு ஜிப்ரி; அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பவன். "காக்கா, அடுத்தமுறை உப்பும் மிளகும் நான் தாறன்" என்றான். உம்மு குல்தூம் சிரிக்கவில்லை. அடுத்த ஈடும் அவிந்தால் காற்றாடி பழைய இரும்புக்காரனுக்கு என்று சொல்லிவிட்டாள்.

முகைதீன்பாவா காற்றாடிக்குக் கீழே குந்தியிருந்து யோசித்தார். "காத்த நிப்பாட்ட ஏலா, காந்தத்தக் குறைக்க ஏலா. மிஞ்சிறதுக்கு ஒரு வேல குடுத்தாத்தான் சொன்னபடி கேக்கும்." பற்றரி நிறைந்ததும் மின்சாரத்தை வேறு வழிக்குத் திருப்ப ஒரு ரிலே பூட்டினார். அந்த வழியின் முடிவில், தண்ணீர் வாளிக்குள் ஒரு ஹீற்றர் கம்பி.

இரண்டாம் ஈடு பொரிக்க இருந்த அன்று கச்சான் மறுபடி எழும்பியது. வாவி நுரைத்தது. ஜிப்ரி வேலியோரம் வந்து நின்று, கம்பியைக் கழற்றச் சொன்னான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ரிலே 'டிக்' என்றது. இரைச்சல் தடித்து இறங்கியது. வாளித் தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது. பெட்டிக்குள் வெப்பமானி அசையவே இல்லை.

பின்னேரம், அசர் தொழுகை நேரம், முதல் முட்டையின் ஓடு விண்டது. கொஞ்சத்தில் பெட்டி முழுக்கக் கீச்சுச் சத்தம். "இஞ்ச பாருகா" என்று மனைவியைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கினார் முகைதீன்பாவா. அந்தக் குரல் வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். வாளியிலிருந்து வெந்நீர் மொண்டு தேயிலை போட்டுக்கொண்டே, அடுத்த கச்சான் எப்ப காக்கா என்றான் ஜிப்ரி.

உம்மு குல்தூம் கோழிக்கூட்டுக்குப் போனாள். முந்தானை நிறையப் புது முட்டைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அவர் மடியில் வைத்தாள்.