இரண்டாவது கையெழுத்து

“லாயரப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாங்கா. நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு. பேப்பரெல்லாம் வீட்டுக்கே கொண்டாந்துருவேன். நீங்க சைன் பண்ணா போதும் லா.”

மூன்று மாதங்களுக்கு முன், ஜோகூரில் தம்போய் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வீட்டு ஏஜெண்ட் சசி இப்படிச் சொன்னார். நல்ல சிரிப்பு. வெளுத்த சட்டை. எனக்கும் சேர்த்து அவரே நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ சொல்லியிருந்தார்.

‘நம்ம ஆளு’ என்றால் யாருடைய ஆள்? என் ஆள் என்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அந்த ஒரு சொல்லில்தான் என் சந்தேகம் தொடங்கியது. என் கணவர் கேட்டால், நான் பிறந்தபோதே தொடங்கியது என்பார்.

விஷயம் இதுதான். கணவர் சேகருக்கு சிங்கப்பூரில் வேலை. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சிங்கப்பூர் போகும் இரண்டாம் பாலத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம். கெலாங் பாத்தாவில் சசி காட்டிய மாடி இல்லாத ஒரு தொடர்வீடு அவருக்கு உடனே பிடித்துவிட்டது. எனக்கும்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு முருங்கை மரம்.

விற்பவர் பெயர் பாலன். மரியாதையான மனிதர். மனைவி எங்கே என்று கேட்டேன். “அவங்க சிங்கப்பூர்ல வேல செய்றாங்க. லீவு கெடைக்கிறது கஷ்டம்” என்றார். நானும் தலையாட்டினேன். ஜோகூரில் இந்தப் பதிலை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

முன்பணத்தை ஏஜெண்ட் அலுவலகத்தில் கட்டினோம். ஆனால் லாயரை நான்தான் தேடுவேன் என்று சொல்லிவிட்டேன். சசியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

முதலில் போனது ஒரு பெரிய கட்டடம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுக்கச் சான்றிதழ். லாயர் மூன்று நிமிடம் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். மீதி எல்லாவற்றையும் பேசியது ஒரு குமாஸ்தா. “எங்க ஃபைல யாரு பாப்பாங்க?” என்று கேட்டேன். “ஆபீஸ் பாத்துக்கும்” என்றார். ஆபீஸ் எப்படிப் பார்க்கும்... நாற்காலியும் மேசையுமா?

அடுத்தது ஜமீலா. தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். ஐம்பது வயதிருக்கும். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் கொடுத்த பெயர். போவதற்கு முன்பே, இவர் உண்மையிலேயே லாயர்தானா என்று வக்கீல்கள் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டேன். கட்டணம் எவ்வளவு, நகல் எடுக்கக் காசு உண்டா, போன் செய்தால் எடுப்பீர்களா என்று ஒரு தாள் முழுக்கக் கேள்வி எழுதிக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார்.

“விக்கிறவரு சம்சாரத்தப் பாத்தீங்களா?”

“இல்ல. சிங்கப்பூர்ல இருக்காங்களாம்.”

“யாரு சொன்னா?”

“அவரேதான்.”

அவர் எழுதிக்கொண்டார். நான் வீடு வாங்க வந்தேனா, வாக்குமூலம் கொடுக்க வந்தேனா?

நில அலுவலகத்தில் தேடிப் பார்த்ததில், வீட்டுப் பட்டாவில் இரண்டு பெயர்கள் இருந்தன. பாலன், மனைவி கோமதி. இருவரும் தன் முன்னால் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஜமீலா. பாலன் மட்டும் வந்தார். பத்திரத்தைக் கொடுங்கள், மனைவியிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றார். ஜமீலா கொடுக்கவில்லை.

“கையெழுத்துப் போட்டவங்கள நேர்ல பாத்தேன்னு நான் எழுதித் தரணும். பாக்காத ஆள எப்படிப் பாத்தேன்னு எழுதறது?”

மூன்று வாரம் ஓடியது. மனைவி இந்த வாரம் வருகிறார், அடுத்த வாரம் வருகிறார் என்று பாலன் சொல்லிக்கொண்டே இருந்தார். சசி தினமும் எனக்கு போன் செய்தார். “அக்கா, வேற பார்ட்டி ரெடியா இருக்கு. உங்க லாயர்தான் லேட் பண்றாங்க. எங்க ஆளா இருந்தா இந்நேரம் சாவி உங்க கையில.”

இப்போது என் சந்தேகம் ஜமீலாவின் பக்கம் திரும்பியது. இழுத்தடித்தால் கட்டணம் ஏறுமோ? நான்கு நாட்களாக என் அழைப்பை எடுக்கவில்லையே, ஏன்? சேகர் வேறு, “நீ தேடிப் பிடிச்ச லாயர்தானே” என்று ஒருமுறை சொன்னார். ஒருமுறைதான். ஆனால் அது போதும்.

அந்தச் சமயத்தில்தான் திரைச்சீலைக்கு அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். சசி கதவைத் திறந்துவிட்டு, போன் பேசத் தெருவுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்.

“கோமதி அக்கா எப்ப வருவாங்க?”

“கோமதியா? அது இங்க இல்லியே. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு சிம்பாங் ரெங்கம் போயி ஆறு மாசம் ஆச்சு. தங்கச்சி வீட்டுல இருக்கு.” கையிலிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீங்க வீடு பாக்க வந்தவங்களா? விக்கிறது அதுக்குத் தெரியுமா?”

என் கையில் அளவு நாடா. அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

அன்று சாயங்காலம் சேகரிடம் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“லாயர்கிட்ட சொன்னா வீடு போச்சு.”

“சொல்லலன்னா?”

“சொல்லலன்னா... ஏதாச்சும் நடக்கும்.”

அவர் கெட்டவர் இல்லை. களைத்தவர். நானும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நாள். இரண்டு நாள். அது அவர்கள் குடும்ப விஷயம், நமக்கென்ன என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடிப் பார்த்தேன். சசியைச் சந்தேகப்பட்டேன், பாலனைச் சந்தேகப்பட்டேன், ஜமீலாவைச் சந்தேகப்பட்டேன். அந்த இரண்டு நாட்களில் உண்மையிலேயே கண்காணிக்க வேண்டிய ஆள் நான்தான்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கே போய்ச் சொன்னேன். ஜமீலா ஒன்றுதான் கேட்டார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“முந்தாநேத்து.”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சாப்பாட்டுக் கடையில் சசியை நான் பார்த்த அதே பார்வை. பிறகு, அன்று காலை பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் வாங்கி வந்திருந்த கோமதியின் எண்ணை எழுதிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கோமதி பஸ் ஏறி ஜமீலாவின் அலுவலகத்துக்கு வந்தார். தொழிற்சாலைச் சட்டை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னையும் ஜமீலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்கதான் வாங்குறவங்களா?”

“ஆமாங்க.”

“நான் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடல. போட்டேன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“இல்லம்மா,” என்றார் ஜமீலா. “யாரும் போடல. போடறதுக்கு முன்னாடி கேக்கத்தான் கூப்புட்டேன்.”

கோமதி கைப்பையை மேசையில் வைத்தார். அந்த வீட்டை வாங்கியபோது கட்டிய முன்பணத்தில் பாதி, தன் ஓவர்டைம் காசு என்றார். மகள்கள் இருவரும் இன்னும் அந்தத் தாமானில், அந்தக் குடியிருப்பில், இருக்கும் பழைய பள்ளியைத்தான் கேட்கிறார்களாம். பிறகு ஜமீலாவிடம் திரும்பினார்.

“இப்ப நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க மேடம்.”

‘பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்’ என்று ஜமீலா ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோமதி போட்டுவிடுவார். அவ்வளவு சோர்ந்து போயிருந்தார். நான் அதற்கு ஆசைப்பட்டேன்.

ஜமீலா ஃபைலை மூடினார்.

“நான் இவங்களோட லாயரும்மா. இவங்களுக்கு வீடு கெடைச்சாத்தான் எனக்கு ஃபீஸ் முழுசா வரும். அதனால நான் சொல்றத வச்சு நீங்க முடிவெடுக்காதீங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு லாயரப் பாருங்க. அவசரம் இல்ல.”

என் காசில், என் முன்னால், என் லாயர் இப்படிச் சொல்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் படியிறங்கி டயர் கடையைத் தாண்டுவதற்குள், அந்தக் கோபத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே வந்துவிட்டது. ‘என்னை நம்புங்கள்’ என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். ‘என்னை நம்பி முடிவெடுக்காதீர்கள்’ என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

இரண்டு வாரத்தில் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்து ஊரான குளுவாங்கிலிருந்து, கோமதி பார்த்த லாயரின் கடிதம் வந்தது. கோமதி விற்கப்போவதில்லை. பிள்ளைகளோடு அந்த வீட்டுக்கே திரும்புகிறார்.

பாலன் எனக்கு போன் செய்தார். “நீங்க வீடு வாங்க வந்தீங்களா, என் குடும்பத்த விசாரிக்க வந்தீங்களா?” நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். ஜமீலா இரண்டு கடிதம் எழுதிய பிறகு முன்பணம் திரும்பி வந்தது. சசி வாட்ஸாப்பில் என்னைத் தடுத்துவிட்டார். பட்டாவைத் தேடித் தந்ததற்கும் கடிதம் எழுதியதற்கும் ஜமீலா பில் அனுப்பினார். ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். கணக்குச் சரியாகவே இருந்தது.

சேகர் இரண்டு மூன்று நாள் அளந்துதான் பேசினார். நான்காம் நாள், சாப்பிட்டுக்கொண்டே, “அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்திருச்சா?” என்று கேட்டார். வந்துவிட்டதாம், அந்தப் பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார் என்றேன். “ம்” என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

நாங்கள் இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் என் சித்தி மகள் கூப்பிட்டாள். அவளும் வீடு வாங்குகிறாளாம். “கா, உங்களுக்குத் தெரிஞ்ச நம்பகமான லாயர் இருந்தா சொல்லுங்களேன்.”

நம்பரைக் கொடுத்தேன். நம்பிக்கையை அவளேதான் போய், கேள்வி கேட்டு, வாங்கிக்கொள்ள வேண்டும்.