வசனமே இல்லாத மூன்று நிமிடம்

அந்த வங்காளத் துப்பறியும் தொடரின் கடைசிப் பகுதி முடிந்து திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது, நான் பாதி கடித்த முறுக்கு கையிலேயே இருந்தது. மீதியை வாயில் வைக்கத் தோன்றவில்லை. ஐந்து சீசன்களாக எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டு ஹாலில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்துப் பார்த்தவர்களை இப்படியா மண்டையில் அடித்து அனுப்புவார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை சோபாவில் விசிறினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் நிதானமாக, "முடிஞ்சுதா? பரவாயில்ல, நல்லாத்தான் முடிச்சிருக்கான்" என்றார்.

அவருக்கு அப்படித்தான் தோன்றும். ஏனென்றால் அவருக்குக் கிடைத்தது வேறு முடிவு. அதை அவருக்குச் சொன்னவள் நான்.

என் கணவருக்குக் கண் அழுத்த நோய். துறைமுகத்தில் வேலை பார்த்தபோதே வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், நான் அதை மறைத்துக்கொண்டு நின்றால் தெரியும், அவ்வளவுதான். முப்பது வருஷமாகக் கொல்கத்தாவில் இருப்பதால் வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் தொடரின் வசனங்களை அவரே கேட்டுக்கொள்வார். வசனம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று சொல்வது மட்டும் என் வேலை.

அதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். "உன் அபிப்ராயம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லு." எனக்கு வாய் சும்மா இருக்காது. "உள்ள வரான், மூஞ்சியப் பாத்தாலே திருட்டு முழி" என்பேன். "முழி இருக்கட்டும், கையில என்ன இருக்கு?" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் சட்டம் சட்டம்தான் என்று, குடை, பை, சட்டைப் பொத்தான் என ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

மூன்றாவது சீசனில் ஒரு மழைக் காட்சி. ஒரு பெண் கதவைத் திறந்து உள்ளே வருகிறாள், தலை நனைந்திருக்கிறது என்றேன். "செருப்பு?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன். செருப்பு காய்ந்திருந்தது. "அப்ப இவ வெளியிலேருந்தே வரல. தலைக்கு மட்டும் தண்ணி ஊத்திட்டிருக்கா. கொலை பண்ணினவ இவதான்" என்று சோபாவில் சாய்ந்துகொண்டார். அதைக் கண்டுபிடிக்கத் தொடரின் இன்ஸ்பெக்டருக்கே இன்னும் நாலு வாரம் பிடித்தது. அந்த நாலு வாரமும் எங்கள் வீட்டில் அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடைக்குப் போவோம். அங்கே எங்கள் மேஜையில் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தஞ்சாவூர்க்காரரும், பக்கத்துத் தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கும் நாங்கள் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் ஒரு வங்காளியும் சேர்ந்துகொள்வார்கள். தாதா தோசைக்காக வருவார். முந்தின நாள் வந்த பகுதியை நால்வரும் அலசி எடுப்போம். கொலைகாரன் யார் என்று முதலில் சொல்பவர் எப்போதும் என் கணவர்தான். கண் தெரிந்த இரண்டு பேர், "எப்படி சார்?" என்று வாயைப் பிளப்பார்கள். இட்லியைச் சாம்பாரில் தோய்த்தபடி அவர் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, வேலையை விட்ட பிறகு அந்த மேஜையில்தான் நான் அதைப் பார்த்தேன்.

தொடரில் அவருக்குப் பிடித்தது இன்ஸ்பெக்டர் இல்லை. இன்ஸ்பெக்டரோடு ஐந்து சீசனும் வந்த வயதான ஹெட் கான்ஸ்டபிள். யார் செத்தாலும், எந்த ஊர் தீப்பிடித்தாலும், இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது ஒரு மண் குவளையை நீட்டி, "சா நின், சார்" என்பார். டீ எடுத்துக்குங்க என்று அர்த்தம். என் கணவரும் கூடவே சொல்வார். நான் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போதுகூட, "சா நின்" என்று என்னையே கேலி செய்வார்.

இன்ஸ்பெக்டரின் உயிர் நண்பனைக் கொன்றது யார் என்பதுதான் முதல் சீசனிலிருந்து வந்த கேள்வி. கடைசிப் பகுதியில் ஒரு குத்தகைக்காரனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். சரி, முடிந்தது என்று நான் முறுக்கு டப்பாவைத் திறந்தேன். அப்புறம் வந்தது அந்த மூன்று நிமிடம். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. தூரத்தில் டிராம் மணி, மழைச் சத்தம். இன்ஸ்பெக்டர் அந்த ஹெட் கான்ஸ்டபிள் வீட்டுக்குப் போகிறார். அவர் டீ போட உள்ளே போகிறார். நனைந்த தலையைத் துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் மர அலமாரியைத் திறக்கிறார். அது கிறீச்சிடுகிறது. சட்டைகளுக்கு நடுவே ஒரு கைக்கடிகாரம். செத்துப்போன நண்பனின் கைக்கடிகாரம். ஐந்து சீசனாகத் தேடிய பொருள்.

என் கணவர் கிறீச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்.

"அலமாரியா? உள்ள என்ன இருக்கு?"

"சட்டை" என்றேன். "பழைய சட்டைங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை எடுத்த இடத்திலேயே வைத்து அலமாரியைச் சாத்தினார். டீ வந்தது. குடித்தார். குடையை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் தொடர். நேர்மைக்கே பிறந்த மனுஷன், டீ கொடுத்த கைக்காகக் கொலையை மூடி மறைத்துவிட்டு நடந்து போகிறார்!

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், அவருக்கு அந்த ஹெட் கான்ஸ்டபிளைப் பிடிக்கும் என்பது. அது பாதிதான் நிஜம். முந்தின நாள், வெள்ளிக்கிழமை, கண் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். இவர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். இடது கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சமும் சில மாதங்களில் போய்விடும், ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார். அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "அப்படியே இருக்காம். சொட்டு மருந்த மட்டும் விடாமப் போடணுமாம்" என்றேன். அவர் நிம்மதியாக என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு பொய்யைச் சொல்லி இருபத்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, அடுத்தது தானாக வாயில் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்க வராந்தாவுக்குப் போனால், நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர் வீட்டு வங்காளிப் பெண் கண்கள் சிவக்க நிற்கிறாள். "அந்த மனுஷனையா கொலைகாரனாக்குவாங்க? அவரையா?" என்று வங்காளத்தில் தெருவே கேட்கக் கத்தினாள். நான் உதட்டில் விரலை வைத்து உள்ளே ஜாடை காட்டினேன். இவர் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் இவரைக் கூப்பிட்டு முடிவைச் சொல்லிவிடக்கூடாதே என்று, சார்ஜில் போடும் சாக்கில் இவருடைய போனை வாங்கிச் சமையலறை மேடையில் வைத்தேன். ஞாயிறு என்று ஒரு நாள் வரும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

காலையில் தலைவலி என்றேன். "நீ படு, நான் ஆட்டோ பிடிச்சுப் போய்க்கறேன்" என்றார். வீட்டிலேயே இட்லி ஊற்றுகிறேன் என்றேன். "இன்னிக்கா? கடைசி வாரம். அவங்க ரெண்டு பேரும் என்ன சொல்றாங்கன்னு கேக்க வேண்டாமா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் கூடப் போனேன்.

நாங்கள் போனபோதே மேஜையில் ரகளை. வங்கிக்காரர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏமாத்திட்டானுங்க சார்! அஞ்சு சீசன் பாத்ததுக்கு முகத்துல கரியப் பூசிட்டானுங்க!" தாதா தோசையைப் பிய்த்தபடி, தனக்கு அழுகை வந்தது, ஆனால் இதுதான் சரியான முடிவு, மனுஷன் என்றால் இப்படித்தான் செய்வான் என்றார். "என்ன சரியான முடிவு? அந்த ஹெட் கான்ஸ்டபிளா கொலைகாரன்? இனிமே எனக்கு எவன் டீ குடுத்தாலும் சந்தேகமா இருக்கும் சார்" என்று எகிறினார் வங்கிக்காரர்.

என் கணவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து கலகலவென்று சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல கண்ணாடிய மாத்துங்க. அலமாரியில வெறும் சட்டைதான் இருந்தது."

"வாட்ச் இருந்ததே" என்றார் தாதா.

"சட்டைதான். துளித்துளியா என் வீட்டுக்காரி சொல்லியிருக்கா. அவ கண்ணுலேருந்து ஒரு பொத்தான் தப்பாது." அதைச் சொல்லும்போது என் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கை வழக்கம்போல் கொஞ்சம் தள்ளி, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டியது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். வங்கிக்காரர் நல்ல மனுஷன். அதுதான் வினை. "ஆமா சார்" என்றார் குரலைத் தழைத்து. "இருக்கலாம். நான் தூக்கக் கலக்கத்துல பாத்தேன்." ஒரு நிமிஷம் முன்பு மேஜையைத் தட்டியவர் அவர். தாதா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ந்த செருப்பை வைத்துக் கொலைகாரியைப் பிடித்தவருக்கு இது புரிய எவ்வளவு நேரமாகும்? காபி டபராவைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் பரிதாபப்பட்டு ஜெயிக்க விட்டதில்லை. அன்றைக்கு விட்டார்கள். அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் எப்போதும் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்காருபவர், கம்பியைத் தடவிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் விழுந்துவிடுவாரோ என்று அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. திரும்பவும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். "போடு. அந்த மூணு நிமிஷம்."

போட்டேன். மழை பெய்தது, டிராம் மணி அடித்தது, அலமாரி கிறீச்சிட்டது.

"உள்ள என்ன இருக்கு?"

"நாலு சட்டை. அதுக்கு நடுவுல ஒரு வாட்ச். தோல் பட்டை. கண்ணாடியில ஒரு கீறல்."

"எடுக்கறானா?"

"எடுத்துப் பாக்கறார். திருப்பி வைக்கறார். அலமாரியச் சாத்தறார்."

டீக் குவளை வைக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் "சா நின்" என்று சொல்லவில்லை. பெயர்கள் ஓடி முடியும் வரை அசையாமல் இருந்தார்.

"எதுக்கு மாத்தின?"

"உங்களுக்கு அவரப் பிடிக்குமேன்னு."

"எனக்குப் பிடிக்கும்னா?" குரல் உயரவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். "நான் பாக்கறதே உன் வாயாலதான். அதுலயே நீ கைய வெச்சா நான் எங்க போய்ப் பாக்கறது?"

அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கொலைகாரனைப் பிடிப்பதற்கு முன்னால் அப்படித்தான் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்.

"வேற எதை மாத்தின?"

பொய் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. வாய் திறக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை டாக்டர் உன்னைக் கூப்பிட்டாரே" என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "பீரோவத் திற" என்றார்.

சாவி என் இடுப்பில் இருந்தது. புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே படிக்கச் சொன்னார். பெயர், வயது, வலது கண் வரைக்கும் படித்தேன். இடது கண் என்று வந்ததும் குரல் உடைந்துவிட்டது.

"அழுகை அதுல எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப எழுதியிருக்கறத மட்டும் படி."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன்.