மடியில் ஒரு அடைக்கோழி

வெள்ளிமலை பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம், ஓய்வுபெற்ற கிராம நர்ஸ் அமிர்தவல்லிக்கு மடியில் அந்த அடைக்கோழியின் சூடு இன்றும் ஏறும்.

மலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பேறுகாலத்துக்குப் பத்து நாள் முன்பே பெண்களை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து தங்கவைப்பது அவர் பொறுப்பு. ஒருமுறை, நிறைமாதமாயிருந்த காசியம்மாள் கிளம்பவே மாட்டேன் என்றாள்.

"கோழி அடையில குந்திக்கினு இருக்குது நர்சம்மா. நான் வந்துட்டா கீரி தூக்கிக்கினு பூடும்."

"கோழிதானே உன் பிரச்சனை?"

அமிர்தவல்லி கோழியையும் முட்டைகளையும் கூடையோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். காசியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினாள்.

வார்டு வாசலில் கூடையைப் பார்த்ததும் டாக்டர் கத்தினார்.

"ஆஸ்பத்திரியா இது, சந்தையா?"

"இருக்கட்டும் சார். போன வருசம் ஒருத்தி, ஆட்டை விட்டுட்டு வரமாட்டேன்னா. நானும் கோவத்துல நாலு திட்டு திட்டிட்டு இறங்கி வந்துட்டேன். அப்புறம் அவளும் போய்ட்டா, வயித்துல இருந்த புள்ளையும் போயிடுச்சு. அந்த ஆடுங்க மட்டும் இன்னும் மேஞ்சிக்கினுதான் இருக்குதுங்க."

டாக்டர் கூடையை வாங்கி, காசியம்மாளின் கட்டிலுக்கடியில் தானே வைத்தார்.