"பெட்டி இறுக்கம்" என்ற சீமாட்டியும் ரெய்லர் நபீசாவும்

நபீசா போய்விட்டாள்… இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

பின்னேரத்துக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. இரவோடு இரவாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை ஆட்களுக்கு அவளைத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் சின்னத் தையல் கடை. சட்டை தைக்கக் கொடுக்கப் போன எனக்கு சிநேகிதியாகிவிட்டவள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மனதுக்குள் வாசிக்க வராது, வாய்விட்டுத்தான் வாசிப்பேன். அவளுக்குக் கண்ணும் கையும் துணியில், காது மட்டும் சும்மா. அதனால் பின்னேரங்களில் நான் வாசிக்க அவள் மெஷின் மிதிப்பாள். மூச்சு விட நின்றால் போதும்… "பொறகு?" என்பாள்.

போன லீவுக்குப் பேத்தி ஒரு பேய் நாவல் கொண்டுவந்து தந்தாள். கம்பஸில் படிக்கிறாள், எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆள்… சொல்லாமல் இருக்க ஏலாது.

கோட்டை மாதிரி ஒரு பழைய பங்களா. செத்துப்போன சீமாட்டி ஒருத்தி அமாவாசைக்கு அமாவாசை எழும்பி வந்து, தன்னை வைத்த பெட்டி இறுக்கமாக இருக்கிறது என்று மருமக்களிடம் முறைப்பாடு சொல்லுவாள். மருமக்கள் முறை வைத்து மயங்கி விழுவார்கள். பயத்தில் உடம்பு குளிரும், சிரிப்பில் வயிறு நோகும்… அப்படி ஒரு புத்தகம்.

சீமாட்டி படி இறங்கும்போது சவச்சட்டை காலில் தட்டி உருளுகிற இடம். நபீசா மெஷினை நிறுத்திவிட்டாள்.

"அளவெடுக்காமத் தைச்சா இப்பிடித்தான்."

"செத்த மனுசிக்கு ஆரடி அளவெடுக்கிறது?"

"அதான் அக்கா, எங்கட ஆக்களுக்கு இந்தக் கரைச்சலே இல்ல. தைக்காத துணியில சும்மா சுத்தி விடுவாங்க. பெட்டியும் இல்ல, தையலும் இல்ல. எழும்பி வந்து முறைப்பாடு சொல்ல ஒண்டுமே இல்ல!"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒரு பள்ளிக்கூட ரீச்சரின் சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டாள்.

இன்னொரு நாள், நிலவறைக் கதவு மெல்லத் திறக்கிற இடம்… சரியாக அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்கார நானா தடியோடு ஓடிவந்தார்.

"என்ன, பாம்பா?"

"பாம்பில்ல நானா, செத்த மாமி" என்றாள் நபீசா.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். அதற்குள், சுகமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளை வார்டில் மறித்து வைத்துவிட்டார்கள். ஃபோனில் வாசிக்கட்டோ என்று கேட்டேன்.

"வேணாம் அக்கா. பயம் வந்தா உங்கட மூஞ்சியப் பாக்க வேணும். நான் வந்து கேக்கிறன். அதுக்கு முதல் நீங்க முடிவப் பாத்திராதீங்க."

நான் பார்க்கவில்லை.

செய்தி வந்தபோது நிலாவெளியில் மகள் வீட்டில் நின்றேன். பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன்… முகத்தைக் காட்டினார்கள். வெள்ளைத் துணி. ஒரு தையல் இல்லை. தெருவுக்கே தைத்தவள்…

பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். புத்தகம் என் பைக்குள் கிடந்தது. அதை ஏன் தூக்கிக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை விரித்தேன். "வாசியுங்கோ அம்மம்மா, நான் கேக்கிறன்" என்றாள் பேத்தி, ஃபோனில். பாவம், பிள்ளை.

முதல் வரியை வாசித்து மூச்சு விட்டேன். "பொறகு?" வரவில்லை.

மூடி வைத்துவிட்டேன்.

போய் வா நபீசா… அந்தத் துணியில் ஏதும் முறைப்பாடு இருந்தால் எழும்பி வா. நான் மயங்கி விழமாட்டேன்.